ஹோர்முஸ் நீரிணையும் ஏழு தட்டுகளும்

அரைகுறையாகப் படித்தவள் கையில் கார்ச் சாவியைக் கொடுக்கக் கூடாது. சொல்வது வேறு யாருமில்லை, அந்த அரைகுறையேதான்.

அண்ணனின் நிச்சயம் ஒரு வெள்ளிக்கிழமை. மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு அன்றுதான் வார விடுமுறை. அன்றுதான் பத்தரைக்கு ராகு காலமும். சிடாம் கிரியிலிருந்து கிளம்பி, கோலா கெடாவில் இருந்த பெண் வீட்டுக்குள் அதற்கு முன் வரிசைத் தட்டுகள் போயாக வேண்டும். பெண்ணின் அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். "நேரம் தப்புனா சகுனம் சரியில்லன்னு அர்த்தம். அதோட விட்டுருவோம்லா" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆட்கள் எல்லாரும் வேனில் ஏறிவிட, சேலை, பூ, பழம் என்று ஏழு தட்டுகளும் மாமாவின் பழைய காரில் என்னோடு வந்தன. "நேரா போ. எங்கயும் நிக்காத" என்றார் அம்மா.

அந்த வாரம் முழுக்க, வளைகுடாவில் ஹோர்முஸ் நீரிணையை மூடப்போகிறார்கள் என்று ஒரே பேச்சு. நான் பொருளாதாரம் முதலாம் ஆண்டு. "நம்ம நாட்டுலதான் எண்ணெ இருக்கே" என்று யாராவது வாயைத் திறந்தால் பிடித்துக்கொள்வேன். திரெங்கானு கடலில் எடுக்கும் நல்ல சரக்கை வெளியே விற்கிறோம், மலிவான சரக்கை அரபு நாடுகளிலிருந்து வாங்குகிறோம், அந்தக் கப்பல்கள் வருவதோ அந்த ஒரே சந்து வழியாக. (வீட்டில் யாரும் காது கொடுத்ததில்லை. அதற்காக நான் நிறுத்தியதும் இல்லை.)

குருண் ஊரைத் தாண்டியதும் எண்ணெய் மீட்டரைப் பார்த்தேன். முள் அடியில் படுத்திருந்தது. சாலையோர எண்ணெய் நிலையத்தில் நீள வரிசை. ஹோர்முஸை மூடிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். (விடுமுறை நாளில் அங்கே எப்போதும் அப்படித்தானாம்.)

அரை மணி நேரம் நின்றேன். சும்மாவும் நிற்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரரிடம் போய், "ஃபுல்லா ஊத்திக்குங்கண்ணே. நாளைக்குக் கப்பல் வராது" என்று நாட்டுக்குச் சேவை செய்தேன்.

என் முறை வந்தது. குழாயைச் செருகி அழுத்தினேன். உடனே நின்றுவிட்டது. விடாமல் அழுத்தினேன். எண்ணெய் பொங்கி என் பட்டுச் சேலையில் வழிந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "டாங்கி ஃபுல்லா இருக்கு தங்கச்சி. ஒங்க கப்பல் வந்துருச்சு போல."

முள் கெட்டுப்போய்விட்டது, டாங்கியை நிரப்பி வைத்திருக்கிறேன் என்று சாவியைக் கொடுக்கும்போதே மாமா சொன்னாராம். அப்போது நான் கைப்பேசியில் ஹோர்முஸைப் படித்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பெண்ணின் அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பன்னெண்டு வரைக்கும் தட்டு உள்ள வரக்கூடாது. அப்புறம் வரணுமான்னு யோசிப்போம்." அண்ணன் சேலையைத் துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையை நீட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

பூ வாடாமலிருக்க ஏர்கோனைப் போட்டுக்கொண்டு காரிலேயே அழுதேன். கதவு திறந்தது. கையில் ரோஜா சிராப் தண்ணீரோடு கல்யாணப் பெண் கவிதா. "தட்டுதான் உள்ள வரக்கூடாது. ஒங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றவள் மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, மண்ணெண்ணெ வாசமா?"

திரெங்கானுவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முதலாக ஒரு ஜீவன் கடைசிவரை கேட்டது. கேட்டுவிட்டு, கண்ணில் மை கரையச் சிரித்து, வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அப்பா, இது சகுனம் இல்ல. அந்தப் பொண்ணு படிச்ச படிப்பு."

அவர் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பன்னிரண்டு அடித்ததும் அவரே வந்து முதல் தட்டைத் தூக்கினார்.

இன்றும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், பஸ் தவறினாலும், "சகுனம் இல்ல, படிப்பு" என்பார்கள். நான் இப்போது அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். மாணவர்கள் ஒரு வரி விடாமல் குறிப்பெடுக்கிறார்கள். எண்ணெய் நிலையத்தில் மட்டும் அண்ணி என்னைக் காரை விட்டு இறங்க விடுவதில்லை.