ஐந்தாம் பாரம்

மலாயாவில் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த விருஷபதாஸ், 1962இல் மூன்று மாத லீவில் செஞ்சிக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சுயசரிதை இருந்தது.

ஈப்போவில் அதை அச்சடிக்க மனிதர் படாத பாடு பட்டார். சீனர் அச்சகத்தில் தமிழ் எழுத்தே கிடையாது. கையெழுத்துப் பிரதியையாவது பைண்டு பண்ணலாம் என்று கொடுத்தால், தமிழ் தெரியாத பைண்டர் கடைசிப் பக்கத்தை முதலில் வைத்துத் தைத்துவிட்டார். கதாநாயகர் கல்யாணம் முடித்துவிட்டுப் பிறகு பிறந்தார்!

சொந்த ஊரிலேயே முந்நூறு பிரதி அடித்துக்கொண்டுதான் கப்பலேறுவது என்று சபதம் செய்தார். ஒரே ஒரு சங்கடம். மனைவியை அடக்கி ஆண்ட விதம் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. தோட்டத்துச் சிநேகிதர்களிடம் பத்து வருஷமாக அளந்ததெல்லாம் அதில்தான். செஞ்சி வீட்டிலேயே இருந்துவந்த மனைவி ராஜமதி கண்ணில் பட்டால் தொலைந்தார்.

"காலையில எங்க கெளம்பிட்டீங்க?"

"ராஜகிரி கோட்டைக்கு. மலை ஏறினா ஒடம்புக்கு நல்லது."

"தெனமுமா?"

"தெனமும்."

கடைத்தெருவில் பாண்டுரங்கனின் அச்சகத்து முன்வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே எழுத்து கொஞ்சம்தான். எட்டுப் பக்கம் அடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டால்தான் அடுத்த எட்டு. அந்த எட்டுப் பக்கத் தாளுக்குப் பாரம் என்று பெயர். ஈ காக்கை எட்டிப் பார்க்காதபடி காவல் காத்தார். கடைசிப் பாரமும் முடிந்து மூன்று நாளாயிற்று. கப்பலேறக் கிளம்ப ஒரு நாள் இருக்கையில் விசாரித்தார்.

"பாண்டுரங்கா, மடிச்சுத் தைக்கிறது யாரு?"

"பொம்பளைங்கதான் ஊட்ல வச்சித் தைப்பாங்க. நான் அட்டை ஒட்டிடுவேன்."

"எந்த ஊட்ல?"

"இன்னா சார், உங்க ஊட்லதான்! ரெண்டு வருசமா நம்ம பாரமெல்லாம் வீட்டம்மாதானே மடிக்கிறாங்க? தெனம் பின்வாசல்ல வந்து வாங்கிட்டுப் போறாங்களே!"

விருஷபதாஸ் வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் முந்நூறும் தைத்துத் தயாராக இருந்தன. ஒன்றைப் புரட்டினார். முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது நாற்பத்தொன்று!

"ராஜமதி! அஞ்சாம் பாரம் எங்க?"

"வெந்நீர் அடுப்புல."

"முந்நூறுமா?"

"நாலு நாள் குளிச்சீங்களே, சூடு பத்துச்சா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. மலை ஏறப் போன ஆளு வெரல்ல அச்சு மை இருக்குது. ஆனா ஒண்ணு, நீங்க உண்மையைத்தான் எழுதியிருக்கீங்க." படித்தே காட்டினாள்.

முப்பத்திரண்டு இப்படி முடிந்தது: 'அன்று முதல் இன்றுவரை எங்கள் வீட்டில் நான்தான்...' நாற்பத்தொன்று, துரை பங்களாவில் வேலைக்கிருந்த ஆரம்ப நாட்களின் கதை. அது இப்படித் தொடங்கியது: 'பாத்திரம் கழுவுவேன். அரிசி களைவேன். யார் திட்டினாலும் வாய் திறக்கமாட்டேன்.'

திரும்பவும் அச்சகத்துக்கு ஓடினார். ஐந்தாம் பாரத்தின் எழுத்தெல்லாம் எப்போதோ கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டிருந்தது.

வீடு திரும்பியதும், "பொழுது எறங்குது, சாப்பிட வாங்க," என்றாள் ராஜமதி. சமணர் வீடு. இருட்டினால் சோறு கிடையாது. மனிதருக்குக் கோபித்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

மூன்று மாதம் கழித்து மலாயாவிலிருந்து ராஜமதிக்குக் கடிதம் வந்தது. புத்தகம் அத்தனையும் தீர்ந்துவிட்டதாம். சிநேகிதர்களின் சம்சாரங்கள் ஆளுக்கு இரண்டு வாங்கி, புருஷன்மாரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்களாம்.

கடைசியில் எழுதியிருந்தார்: 'இன்னும் முந்நூறு தேவை. ஐந்தாம் பாரம் வேண்டாம்.'