திருப்பித் தைத்த கோட்டு

ஊரில் பணமுடை வந்தால் முதலில் படுப்பது டெய்லர் கடை. அரிசியைத் தள்ளிப்போட முடியாது. சட்டையைத் தள்ளிப்போடலாம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (படித்ததே ஐந்தாவது வரைக்கும்தான்.)

எழுபதுகளின் முதல் பாதி. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. கரண்டு வெட்டு வேறு. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கம்பெனிகள் பாதி நேரம் மூடிக் கிடந்தன. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. என்னுடையது கால் மெஷின். கரண்டு இல்லாவிட்டாலும் ஓடும். ஓட்டுவதற்குத் துணி வரவேண்டுமே. அந்தத் தீபாவளிக்கு மொத்தம் நாலு சட்டை. அதில் ஒன்று என் சட்டை.

என் மனைவி கோமதி கடையில் பட்டன் தைப்பாள். அப்போது சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாயா, ஈ ஓட்றதுக்கா கடை வச்சிகினு கீறே? புதுசு வரலன்னா பழச வாங்கித் தையேன்" என்றாள்.

நல்ல யோசனை. போர்டு எழுதி வைத்தேன். 'பழைய துணிகள் திருப்பித் தைத்துப் புதிதாக்கித் தரப்படும்.' திருப்புவது என்றால், துணியை முழுக்கப் பிரிப்பது. வெளுத்துப்போன வெளிப்பக்கத்தை உள்ளே விடுவது. வெளுக்காத உள்பக்கத்தை வெளியே வைத்து மறுபடி தைப்பது. வேலை அதிகம். ஆனால் துணி வாங்க வேண்டாம்.

ஒருத்தரும் வரவில்லை. நின்று போர்டைப் படிப்பார்கள். இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். போய்விடுவார்கள்.

வந்தது சாமுவேல் மட்டும்தான். கம்பெனியில் பிட்டர். நல்ல பையன். சந்து காலியாக இருந்த மத்தியான வெயிலில், பேப்பரில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். பிரித்தால், கோட்டு.

"செத்துப்போன எங்கப்பாவோடது அண்ணா. வெளிய சாம்பல் கலராப் போச்சு. உள்ள பாருங்க, நீலம் அப்படியே இருக்கு. எனக்கு அடுத்த வாரம் கல்யாணம்."

"புதுசு தைக்கலாமே?"

"கம்பெனில அரைச் சம்பளம். பொண்ணு வீட்டுக்குத் தெரியாது. சேலையூர் சாலமோன் வாத்தியார்தான் மாமனாரு. புதுக் கோட்டு தைக்கிறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். பழசுன்னு தெரிஞ்சா ஏன்னு கேப்பாரு. கேட்டா சொல்லணும். சொன்னா, சர்ச் வாசல்லயே கல்யாணம் நின்னுடும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "கோட்டு தைச்சிருக்கீங்கல்ல அண்ணா?"

"நிறைய" என்றேன். (ஒரு பேண்டு வாத்தியக்காரர் கோட்டுக்கு ஒரு பட்டன் மாற்றியிருக்கிறேன்.)

பிரித்தேன். திருப்பினேன். தைத்தேன். கோமதி பட்டன் வைக்க உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் வைக்கிறது?"

"காஜா ஓட்டைக்கு எதிர்ப்பக்கம்" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

ஆணியில் மாட்டிப் பார்த்தேன். நீலம் பளிச்சென்று இருந்தது. கலரைப் பார்த்தேன். கலரை மட்டும் பார்த்தேன்.

கல்யாணத்தன்று காலை, சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் சாமுவேல் கோட்டைப் போட்டார். நானும் கோமதியும் கூட இருந்தோம். மாப்பிள்ளைத் தோழன் ரோஜாவை வைத்துக்கொண்டு இடதுபக்கக் காலரில் ஓட்டையைத் தேடினான். இல்லை. கர்ச்சீப் வைக்கப் பாக்கெட்டைத் தேடினான். அதுவும் இல்லை. எல்லாம் வலதுபக்கம் இருந்தது. சட்டையை உள்வெளியாகப் போட்டுப் பாருங்கள். பாக்கெட் எங்கே போகிறது? சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாமுவேல் பட்டன் போடப் பார்த்தார். காஜாவும் பக்கம் மாறியிருந்தது. இரண்டு கையும் முட்டிக்கொண்டன. முகம் வெளுத்துப்போனது.

"அண்ணா..."

"இதான் இப்ப பேஷன்" என்றேன்.

"எங்க?"

"பம்பாய்ல."

"பம்பாய்ல ஆம்பளைங்க பொம்பள மாதிரி பட்டன் போடறாங்களா?"

மணி அடித்துவிட்டது. கோமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மேஜை ஜாடியில் இருந்த ரோஜாவையும் கீரை மாதிரி இலைகளையும் பிடுங்கி, பாக்கெட்டை மறைத்துக் குத்தினாள். மாப்பிள்ளை மார்பில் ஒரு தோட்டம் போட்டாயிற்று. அந்தத் தோட்டம் பாதிப் பாட்டு வரைக்கும் தாங்கியது. பிறகு சரிந்தது. மோதிரம் போடும்போது, முன்வரிசைக்கு நேராக, பாக்கெட் முழுசாகத் தெரிந்தது. முன்வரிசையில் சாலமோன் வாத்தியார். (நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.)

கல்யாணம் முடிந்தது. ஆனால் வாத்தியாரின் கண் கோட்டை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுப் பந்தலில் நேராக என்னிடம் வந்தார். கையைப் பிடித்தார். பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தூரத்தில் சாமுவேல் கேக்கை வாயில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லவில்லை.

"நீதானே தைச்ச?"

"ஆமா சார்."

"திருப்பினதுதானே?"

நான் அண்டாவைப் பார்த்தேன்.

"புதுக் கோட்டுன்னு சொன்னாரு. அப்ப கம்பெனில என்ன? அரைச் சம்பளமா?"

"அது எனக்கு..."

"நடிக்காதய்யா. யாருக்குத்தான் இப்ப முழுசா வருது?" சுற்றிலும் பார்த்தார். குரலை இறக்கினார். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கருப்பு. முழங்கை வெளுத்துப்போச்சு. இன்னும் ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுக்கணும். என்னத்தப் போட்டுக்கிட்டு நிக்கிறது? திருப்புவியா?"

"திருப்பறேன் சார்."

"பாக்கெட்டு இடதுபக்கம் இருக்கணும்."

"இருக்கும் சார்."

"முன்வாசல் வழியா நான் வரமாட்டேன். அந்தப் போர்டு இருக்கிற கடைக்குள்ள மனுஷன் நுழைவானா?"

அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரே பழசை வைத்துக்கொண்டு தவித்தது. என் போர்டு அவர்களைப் பார்த்து, 'உள்ளே வா, உன்கிட்டே காசு இல்லை' என்று கத்திக்கொண்டிருந்தது.

மறுநாளே போர்டை இறக்கினேன். பின்பக்கக் கதவைத் திறந்தேன். ஒரு திரை போட்டேன். வாத்தியாரின் கோட்டு வந்தது. பிறகு அவருடைய தம்பி கோட்டு. பிறகு சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம். அதே துணியில் நூல் உருவி, பழைய பாக்கெட்டைத் தடம் தெரியாமல் மூடக் கற்றுக்கொண்டேன். பையன்கள் பழைய டைட் பேண்டோடு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே முக்கோணத் துண்டு வைத்துப் பெல்பாட்டம் ஆக்கினேன். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமில்லை. கரண்டு வெட்டு தீர்வதற்குள் இரண்டாவது மெஷின் வாங்கினேன்.

சாமுவேலுக்குக் கம்பெனி திறந்து முழுச் சம்பளம் வந்தது. இப்போது ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு. ஹாலில் கல்யாணப் போட்டோ பெரிசாக மாட்டியிருக்கிறது. அதில் கோட்டுப் பாக்கெட் சரியாக இடதுபக்கம் இருக்கும். போட்டோக்காரரைக் கெஞ்சி, பிலிமைப் புரட்டிப்போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார். கோட்டு நேராகிவிட்டது. பக்கத்தில் நிற்கும் கல்யாணப் பெண் எஸ்தரின் முந்தானை வலதுதோளுக்குப் போய்விட்டது. பின்சுவரில் எழுதியிருந்த பைபிள் வசனம் கண்ணாடியில் தெரிவது மாதிரி புரண்டுவிட்டது; ஒருவராலும் படிக்க முடியாது.

நான் எப்போது போனாலும் எஸ்தர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்பாள்.

"அவர் கோட்டைத் திருப்புனீங்க, சரி. என்னை எதுக்கண்ணா திருப்புனீங்க?"

காபியைக் குடிப்பேன்.