ஈஸ்டர் வந்தும் முடியாத தவக்காலம்

திண்டுக்கல்.

அன்புள்ள பெலிக்ஸ் மச்சான் அவர்களுக்கு, பிராங்கிளின் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். திருச்சியில் கிளாரா அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நலம் என்று எழுதியது என் உடம்பைப் பற்றி மட்டும்தான், மனசு சரியில்லை. உங்கள் தங்கை ஆனந்தமேரி சாயங்காலமானால் என்னை என் பைப்புக் கடையில் உட்கார விடமாட்டேன் என்கிறாள். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து கண்டிக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து ஒருநாள் சரக்கு இறக்கும்போது நெஞ்சு அடைத்த மாதிரி இருந்தது என்று டாக்டரிடம் போனோம். அவர் சிகரெட்டு, சர்க்கரை, பிரஷர், எங்கப்பா நெஞ்சுவலியில் போனது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடையில எம்புட்டு நேரம் இருப்பீங்க?" என்றார். விடிந்ததும் திறந்தால் ஊர் அடங்கித்தான் பூட்டுவேன், சாப்பாடுகூட கல்லாவில்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "ஏற்கனவே நாலு பேரு உங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்காங்க. இந்தக் கடை அஞ்சாவது ஆளு. எறங்குறவங்களையாவது எறக்கி விடுங்க" என்றார். பெருமை போய்விட்டது.

நான் எதையும் விட்டவன் இல்லை, தவக்காலத்தில் தவிர. அந்த நாற்பது நாள் கறியும் தொடமாட்டேன், சிகரெட்டும் தொடமாட்டேன். அது தெரிந்த உங்கள் தங்கை, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு நிற்கும்போதே, "இந்த வருசம் ஆறு மணிக்கு ஷட்டர எறக்குறதையும் சேத்துக்கங்க" என்றாள். கோயில் வாசலில் மறுக்க முடியுமா, சரி என்றேன். ஈஸ்டரும் வந்தது, பூசையும் கண்டேன், கறிக்கும் சொல்லிவைத்தேன். தட்டில் விழுந்தது கீரை. கேட்டால், "தவக்காலம் சாமிக்கு முடிஞ்சிருச்சு, ஒங்க நெஞ்சுக்கு முடியல" என்கிறாள். பங்குச்சாமியாரிடம் முறையிட்டேன். அவர் அவளைப் பார்த்து, "நல்லா நடத்தும்மா" என்றார்.

சரி, திருட்டுத்தனமாகவாவது வியாபாரம் பார்ப்போம் என்று, ஒருநாள் சாயங்காலம் காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பாதி ஷட்டரைத் தூக்கி உள்ளே உட்கார்ந்தேன், மச்சான். பிளம்பர் சடையாண்டி குனிந்து பார்த்தார். சாமான் வாங்குவார் என்று பார்த்தால் ஷட்டரை வெளியிலிருந்து இழுத்துக் கொண்டியைப் போட்டுவிட்டு, "அண்ணே, அக்கா அம்புட்டு பிளம்பருக்கும் போன் போட்டு வச்சிருக்கு. ஆறு மணிக்கு மேல ஒங்ககிட்ட வாங்குனா எங்களத்தான் வையும்" என்கிறார். அவரே போன் போட, அவள் வந்து என்னைத் திறந்துவிட்டாள். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. அங்கிருந்து அப்படியே நடக்கக் கூட்டிப்போனாள், இப்போது தினமும் அதுதான். மகள் லிடியாவும் கூட வருகிறாள். என்னிடம் பேச அவளுக்கு இம்புட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது கிடக்கட்டும், வியாபாரம் என்ன ஆவது?

உங்கள் தங்கை உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பாள். தாமதிக்காமல் வரவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அந்தோணியார் உங்கள் வீட்டுக்குக் காவலாக இருப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த மாப்பிள்ளை
பிராங்கிளின்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கும் முன்னால் டாக்டரிடம் போய்வந்தோம். லிஃப்ட் ஓடவில்லை, படியேறினோம். பாதியில் மூச்சு வாங்கி நின்றது நானில்லை, ஆனந்தமேரி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்படியே போங்க, நல்லாருக்கு" என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அதனால் மச்சான், தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்டுவிடுவாள்.