மாமியாரின் ஆமைக்குக் கவசம் பூட்டிய படலம்

ஆழிப்பேரலை ஆயிரம் மோதினும் அசையாத ஃபைபர் படகுகளுக்கு அடிவயிறு பூசித் தந்தவனும், பிசின் குழைப்பதில் பட்டறை முதலாளியையே வாய்பிளக்க வைத்தவனும், கையுறை என்னும் கோழையர் உடைமையைக் கனவிலும் தீண்டாதவனுமாகிய நம் மருமகப்பிள்ளையின் புகழ் ஓங்குக!

அன்னவன் அலமாரியின் உச்சியிலிருந்து எடுத்த சுத்தியல் கைநழுவி, மாமியார் பத்தொன்பது ஆண்டுகளாகப் பெற்ற மகளினும் மேலாகப் போற்றி வளர்த்த ஆமையின் முதுகில் இடியென இறங்க, ஓட்டில் விரல்நீளம் வெடிப்புக் கண்டது. அப்போது பிற்பகல் மணி மூன்று.

"அஞ்சு மணிக்கு அம்மா வந்துடுவாங்க. இதுக்கு ஏதாவது ஆச்சு, நம்ம ரெண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்!" என்று பிரகடனம் செய்தாள் மனைவி. வீடு மாமியாருடையது.

கைபேசியில் அனுப்பிய ஓட்டின் படத்தைப் பார்த்த கால்நடை மருத்துவர், "ரத்தம் வரலை, பயமில்ல. சுத்தம் பண்ணி மூடிடுங்க. கையுறை மறந்துடாதீங்க" என்று தொலைபேசியில் அருளினார்.

"கையுறை போட்டா பிசினோட பதம் எப்படித் தெரியும்?" என முழங்கிய வீரன், கண்ணாடியிழைத் துணியும் பிசின் கிண்ணமும் ஏந்திக் களம் புகுந்தான். ஆமையோ, ஒரு சொட்டுப் பிசின் பட்ட மாத்திரத்தில், ஆண்டுக்கணக்காய்ச் சேமித்த வேகத்தையெல்லாம் அன்றே செலவழிப்பதுபோல் சோபாவின் அடியில் பாய்ந்தது. வீரன் மார்பால் ஊர்ந்து தொடர்ந்தான். தலையில் ஒட்டடை, முழங்கையில் சிராய்ப்பு, நெஞ்சிலோ "ஐயோ, இது பொழைக்கணுமே" என்னும் ஒரே பதைப்பு. ஈற்றில் அதை வெளியே இழுத்து, இழைத்துணியை வெடிப்பின்மேல் போர்த்தி, வெறுங்கையால் அழுத்தி, கால்மணி நேரம் கண்ணிமைக்காது காத்தான்.

பிசின் இறுகியது. வெடிப்பு மறைந்தது. ஆமை தலை நீட்டிக் கொட்டாவி விட்டது. வெற்றிப் பெருமிதம் பொங்க எழ முயன்றவன், தன் வலக்கை கவசத்தின் ஓர் அங்கமாகிவிட்டதைக் கண்டான். சோப்பு நீர் தோற்றது, எண்ணெய் தோற்றது, மனைவியும் இழுத்துத் தோற்றாள். ஆமை வாசலை நோக்கிப் புறப்பட, நம் நாயகன் முழந்தாளிட்டுப் பின்தொடர்ந்தான்.

கதவு திறந்தது.

"அத்தே, சுத்தியலைப் போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க" என்றான், தரையிலிருந்தபடியே.

மாமியார் குனிந்து ஓட்டைத் தடவினார். அவன் கையையும் பார்த்தார். நேரே அடுக்களைக்குள் போனார்.

வெள்ளரிக்காய் நறுக்கி வந்து, இருவருக்கும் ஊட்டிவிட்டார்.