மூடுபனிப் பாட்டுக்கு இருபத்திரண்டு பேர்

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆண்டவரைத் தன் வீட்டுக்குள் அனுமதிப்பது என்று சிலுவைராஜ் முடிவெடுத்தார்.

முப்பத்துநான்கு வருடமாக விட்டதில்லை. தேயிலை எஸ்டேட்டின் லயன் வீடுகளில் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். பெண்கள் கூடி ஜெபிப்பார்கள், பாடுவார்கள், சுண்டல் தின்பார்கள். சிலுவைராஜ் வீடு வந்தால் அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகும். சாவு வீட்டில்கூட ஜெபம் தொடங்கியதும் டீக்கடைக்கு நடந்துவிடுவது அவர் கொள்கை. யூனியன் போராட்டத்தில் மூன்று முறை லாக்கப் பார்த்த மனிதர். சும்மா விட்டுக்கொடுப்பாரா?

இப்போது விட்டுக்கொடுத்தது பாட்டுக்காக.

அவர் எழுத, நண்பர் சுவக்கீன் மெட்டுப் போட, இருவரும் தொழிலாளர் மேடைக்கென்று ஒன்பது இசை நாடகங்கள் செய்தவர்கள். மொத்தம் நாற்பத்தேழு பாட்டு. ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கொழுந்துக் கூடைப் பாட்டு. வேலைநிறுத்தச் சமரத்தில் அதுதான். கல்யாணத்தில் அதுதான். ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டியிலும் அதுதான். வில்லன் வேஷக்காரன் வேட்டி மாற்றும் இடைவெளியை நிரப்ப அரை மணியில் எழுதிய பாட்டு அது. அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்லதெல்லாம் மற்ற நாற்பத்தாறில் இருந்தது. அதிலும் ‘மூன்றாம் மேடு’ நாடகத்தின் மூடுபனிப் பாட்டு. அரங்கேறிய அன்றே மழை வந்து கொட்டகையைக் கொண்டுபோயிற்று. பிறகு யாரும் அந்த நாடகத்தைத் தொடவில்லை. சமரம் ஜெயித்தால் மாலை தலைவருக்கு. பாட்டு எழுதியவனுக்கு மழை.

போன மே தினத்தில் ‘அறியப்படாத பாடல்கள்’ என்று நோட்டீஸ் அடித்து யூனியன் ஆபீசில் கூட்டம் போட்டார். ஏழு பேர் வந்தார்கள். மூன்றாவது பாட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் சுவக்கீன். ஆர்மோனியத்தை விட்டுவிட்டு எங்கே போவார்? மற்றவர் ஆபீசைப் பூட்ட வேண்டியவர்.

அன்பியத்துக்கோ நோட்டீசே இல்லாமல் இருபத்திரண்டு பேர். சுண்டல் வரும்வரை ஒருத்தி எழுந்திருக்க மாட்டாள்.

"ஏ மேரி, ஒங்க ஜெபத்தை நம்ம வீட்டுல வச்சுக்க. ஜெபம் முடிஞ்சு, சுண்டலுக்கு முன்னாடி, அஞ்சு பாட்டு எனக்கு."

மனைவி சந்தனமேரி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வேண்டாங்க. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"பேச்சு கீச்சுன்னு ஆரம்பிச்சிருவீங்க."

"பேச்சு இல்ல. பாட்டு மட்டும்."

"ஜெபம் முடியிறவரைக்கும் டீக்கடைக்குப் போயிருவீங்க. அவளுக மொகத்துல நான் எப்படி முழிக்க?"

"போகல. இங்கனயே நிக்கேன். போதுமா?"

"அஞ்சு ரொம்ப. மூணு."

"நாலு."

"என்னமோ செய்ங்க. ஆர்மோனியத்துக்கு?"

"சுவக்கீன் வருவான்."

சுவக்கீன் ஞாயிறுதோறும் மாதா கோவிலிலும் வாசிப்பவர். அது வயிற்றுப்பாட்டுக்கு என்று சிலுவைராஜ் மன்னித்திருந்தார்.

செவ்வாய் மாலை வீடு நிறைந்தது. நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டுப் பாய் விரித்திருந்தாள் சந்தனமேரி. முட்டிவலியால் பாயில் உட்கார முடியாத சிலுவைராஜ் கதவோரம் நோட்டுப் புத்தகத்துடன் நின்றார். முதல் பாட்டு மூடுபனி என்று பக்கத்தை மடித்தும் வைத்திருந்தார். கூட்டத்தை நடத்தும் பிலோமி சிலுவை போட்டுக்கொண்டு, "வருகைப் பாட்டு பாடலாம்" என்றாள்.

சுவக்கீன் துருத்தியை அமுக்கினார். சிலுவைராஜ் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு பேரும் புத்தகம் பார்க்காமல் பாடினார்கள்.

*மூடுபனியே கொஞ்சம் விலகு,*
*இயேசுவின் பாதை தெரிய வேண்டும்.*

"நிறுத்துங்க" என்றார். "எலேய் சுவக்கீனு, இது நம்ம மூன்றாம் மேடு."

"ஆமாண்ணே."

"கோவிலுக்கு எப்படிலே போச்சு?"

"மெட்டு என்னோடதுல்லா. மயினி கேட்டாங்க, குடுத்தேன். பதினெட்டு வருசம் இருக்கும்."

"வார்த்தை என்னோடது."

அடுப்படியிலிருந்து சந்தனமேரி எட்டிப் பார்த்தாள். "‘எங்கள் பாதை’ன்னு இருந்ததை ‘இயேசுவின் பாதை’ன்னு மாத்தினேன். அம்புட்டுத்தான். மத்ததுல கை வைக்க மனசு வரல. நல்லா எழுதியிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கோவில் வாசல்ல கொடி புடிச்சிருப்பீங்க."

அது உண்மை. நாலு வரிக்கு மனதில் முழக்கம்கூடத் தயாராகிவிட்டது. அதற்குள் முன்வரிசையில் டின்சி என்ற பெண் கேட்டாள்: "இது மாமா எழுதுனதா? எங்கம்மை சாவுக்கு இதைத்தான் பாடுனோம். அழாதவங்க இல்ல."

அந்த அம்மையின் சாவு அவருக்கு நினைவிருந்தது. அன்று அவர் டீக்கடையில் இரண்டு கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு. ‘பாதை’ல இறங்கக்கூடாது, ஏறணும். பதினெட்டு வருசமா இப்படியா பாடுதீங்க? நீயும் விட்டுட்டியே சுவக்கீனு."

"இவங்களுக்கு ஏறலண்ணே."

"நகரு."

ஆர்மோனியக் கட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டுமானால் உட்கார வேண்டும். சம்மணம் போட முட்டி விடவில்லை. பாயில் முழங்கால் போட்டார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, "எங்கள் பாதை" என்று பாடினார். இருபத்திரண்டு பேர் "இயேசுவின் பாதை" என்று ஏறினார்கள். இந்த முறை சரியாக ஏறியது. இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை எந்தப் பாதை தன் வாயிலிருந்து வந்தது என்று அவர் கவனிக்கவில்லை. மெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கண்ணைத் திறந்தார். எதிரே சுவரில், காலையில் காலண்டர் தொங்கிய இடத்தில், மாதா படம். அதன் முன்னால் தான் முழங்காலில், இரண்டு கையும் உயர்த்தி.

சந்தனமேரி கைகொடுத்துத் தூக்கினாள். "எந்திரிங்க, சுண்டல் ஆறுது."

"என் நாலு பாட்டு?" என்றார் மெல்ல.

"நாலு எதுக்கு? நோட்டுல நாப்பத்தாறு இருக்கு. நாங்க பாடுறது பதினொண்ணு. மிச்சம் முப்பத்தஞ்சையும் நீங்களே கத்துக்குடுங்க. அடுத்த முப்பத்தஞ்சு செவ்வாயும் நம்ம வீடுதான்னு பிலோமிகிட்ட போன வாரமே பேர் குடுத்துட்டேன்."