கோயிலுக்குப் போனது யார்?

மதிப்பிற்குரிய வேலுச்சாமி சித்தப்பாவுக்கு, சாத்தூரிலிருந்து சினேகா எழுதுவது.

நீங்கள் என்னைப் பொய் சொல்லும் வேலையில் சேர்த்துவிட்டீர்கள். சித்திக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே அம்மாவும் நானும் சுகம். போனில் பேசினால் காரில் ஸ்பீக்கரில் போடுவீர்கள், முதலாளி பின்சீட்டில் இருப்பார். அதனால்தான் கடிதம்.

நம் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஹரிபிரசாத் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, 'ஊழியரே முதல், வாடிக்கையாளர் அப்புறம்' என்று வாசலில் போர்டு மாட்டினாரே, ஆணி அடித்தது நீங்கள்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அதன் உபயோகம் புரிந்தது. பெட்டி கட்டி முடிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் எடுத்துவிட்டு, தேனிக் கடைக்காரர் ராஜபாண்டியன் அண்ணாச்சி லோடு எங்கே என்று கேட்டால், "ஆடி கடைசி வெள்ளிக்குப் பொம்பளைக எல்லாம் இருக்கன்குடி கோயிலுக்குப் போறாக, நாங்க ஊழியரை வற்புறுத்துறதில்ல" என்று நான் சொல்ல வேண்டும். மகளுக்கு முடி இறக்கணும், நேர்த்திக்கடன், லீவு வேணும் என்று பாக்கிங் முருகேஸ்வரி அக்கா வந்து நின்றால், "தேனி அண்ணாச்சி விடமாட்டேங்காரு" என்றும் நானே சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன் சித்தப்பா, சம்பளம் வாங்குறேன்ல.

அண்ணாச்சி நம்பாமல் அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். ஷெட்டில் அக்காவும் மற்றவர்களும் கிப்ட் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நீங்க கோயிலுக்குப் போகலையா?"

"நீங்கதான அண்ணாச்சி விடமாட்டேன்னீக?"

"நானா? அப்ப யாருதாம்மா கோயிலுக்குப் போனது?"

அப்போதுதான் நீங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு முதலாளி இறங்கினார். அக்கா சிரித்துவிட்டார். வாடிக்கையாளர் உறவைக் கெடுத்ததாக மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்போது நீங்கள் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைச்ச கண்ணாடியையே துடைச்சீக.

அக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லி முதலாளியிடம் நீங்கள் பேச வேண்டும். இல்லையென்றால் நானும் வேலைக்குப் போகமாட்டேன். சித்திக்கு என் வணக்கம், தம்பிகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
சினேகா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளி போன் செய்தார். அண்ணாச்சி இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாராம். "சாமி கும்பிடக்கூடப் போகாம வேல பாக்குற பிள்ளைக இருக்குற கம்பெனிய விட்டு நான் வேற எங்கன போவேன்" என்றாராம். அக்காவை உடனே வரச்சொல்லியாகிவிட்டது, அக்காவும் வருகிறார். நானும் போகிறேன். மகளுக்கு முடி இறக்க அக்காவுக்கு ஒரே ஒரு நாள் லீவு கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். வாசல் போர்டு சாய்ந்திருக்கிறதாம், வேலுச்சாமி வந்து நேராக மாட்டட்டும் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.