தலையால் படித்த பதினோரு நாள்

பதினோரு நாள், நான்கு மணி நேரம். அவ்வளவு காலம் எங்கள் ரேஷன் ஆபீஸில் யாருக்கும் தெரிந்து ஒரு பைலும் திறக்கப்படவில்லை. ஆனாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களுக்கு முடிவு எழுதினோம். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதையும் யாரும் திறக்கவில்லை; சூடாக இருந்ததால் பாராட்டு என்று தெரிந்துகொண்டோம்.

யுத்த காலம். அரிசியை ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அளந்துகொண்டிருந்த வருஷம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். எந்தச் சந்து என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புரபஸர் ஜெயசித்தர் வந்தார். காவிக் கோட்டு, காவி டை, ஜரிகைத் தலைப்பாகை. வேலைத் திறமைக்கும் தேக சுகத்துக்கும் அவர் நிபுணர் என்று முந்தின வாரமே நோட்டீஸ் வந்திருந்தது. ரங்கூனில் படுத்துக் கிடந்த ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்தினாராம். விசாரிக்கலாம் என்றால் ரங்கூனே ஜப்பான்காரன் கையில் இருந்தது.

எங்கள் ஹெட் கிளார்க் ஸ்ரீனிவாசராகவன் ஸ்ரீரங்கத்துக்காரர். பி.ஏ. படித்தவர். பைல்கள் மலைபோல் குவிந்துவிட்டன என்று தூக்கம் வராமல் தவித்தவர். அவர்தான் புரபஸரை வரவழைத்தார்.

"ஒரு பைலைத் திறந்து, படிச்சு, திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டார் புரபஸர்.

"அரை மணி ஆறது."

"மூளை எங்கே இருக்கு?"

"தலையில."

"பைல் எங்கே இருக்கு?"

"மேஜையில."

"அதாங்க தப்பு."

புரபஸர் ஒரு பைலை எடுத்து ஹெட் கிளார்க் தலையில் வைத்தார்.

"மூளைக்கும் காகிதத்துக்கும் நடுவுல கண்ணு எதுக்குங்க? சூடா இருக்கா, குளிர்ச்சியா இருக்கா?"

"கொஞ்சம் சூடா இருக்காப்பல..."

"நியாயமான மனு. சாங்ஷன் பண்ணுங்க. குளிர்ச்சின்னா தள்ளுபடி. திறந்து மட்டும் பாக்காதீங்க. திறந்தா சக்தி ஆவியாப் போயிடும்."

பிறகு தாமே ஒரு பைலை நெற்றியில் ஒற்றிக் கண்ணை மூடினார். "அரிசி சம்பந்தமா இருக்கு... ஒரு குடும்பம் தெரியுது... ஏதோ குறையுது..."

"பெரியவாளுக்கு எப்படித் தெரிஞ்சது!" ஹெட் கிளார்க்கின் கண்கள் கலங்கிவிட்டன.

ரேஷன் ஆபீஸ் மனுவில் அரிசி இருந்தது. யானை இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நானும் வியந்திருப்பேன்.

அன்று மத்தியானம் நான் பெண்கள் அறையில் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவுப் பலகையில் 'பெண்களுக்கு மட்டும்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சாண் உயர எழுத்தில் எழுதியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு புரபஸர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். "இது சாப்பாட்டு அறைங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் பலகையைப் பார்த்தபடியே கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆபீஸில் மூன்று மாதமாக நான் பேசியதெல்லாம் "சரி சார்" என்ற இரண்டு சொற்கள்தான்.

மூன்றாம் நாளே ஊர் திரண்டுவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் பள்ளிக்கூடப் பையன்கள் தலையில் அல்ஜீப்ராவோடு வந்து இறங்கினார்கள். உறையூர் ஜவுளிக்காரர் ஒருவர் புத்தகம் கிடைக்காமல் பஞ்சாங்கத்தைச் சுமந்து வந்தார். தேக சுகத்துக்கும் பைல்தான் மருந்து. தலைவலிக்கு மெல்லிய பைல். அஜீரணத்துக்குத் தடித்த ரிஜிஸ்தர், வயிற்றின்மேல். எங்கள் கிளார்க் பரக்கத் அலி காலை முழுவதும் பெஞ்சில் மல்லாந்து, வயிற்றில் 'இறந்தோர் பதிவு' ரிஜிஸ்தரோடு கிடந்தார். ஏப்பம் வந்ததும் ஆபீஸே கை தட்டியது.

புரபஸர் காசைத் தொட மாட்டார். காசு மாயை. தட்சிணை ஒரு படி அரிசி. விடியற்காலையில் கியூவில் நின்று வாங்கிய அரிசியை ஜனங்கள் பத்து மணிக்கு அவர் கோணியில் கொட்டினார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டால் விரல் நுனி வழியாகச் சக்தி கசியுமாம். அதனால் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். பி.ஏ.க்கள் அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கமருன்னிசா வந்தார். சுருட்டுச் சுற்றிப் பிழைப்பவர். மூன்று குழந்தைகள். அதே சந்தில் அதே பெயரில் ஒரு கிழவி இறந்துபோக, யாரோ இவர் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று எழுதிக் கார்டை ரத்து செய்துவிட்டார்கள். இவர் மனுக் கொடுத்து, விசாரணையும் நடந்து, பைல் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புதுப் பட்டியல் கடைகளுக்குப் போகும். அதில் பெயர் இல்லாவிட்டால் இன்னும் மூன்று மாதம் அந்த வீட்டுக்கு அரிசி கிடையாது.

"ஐயா, நான் மவுத்தாப் போயிட்டேன்னு எழுதியிருக்காங்க. பாருங்க, நிக்கிறேன்" என்றார்.

ஹெட் கிளார்க் அவருடைய பைலைத் தலையில் வைத்துப் பார்த்தார். அது சுவரோரம் கிடந்த பைல்.

"நிக்கறே. வாஸ்தவம். ஆனா பைல் ஐஸ் மாதிரின்னா இருக்கு! உசிரோட இருக்கறவா பைல் இப்படியா இருக்கும்?"

கமருன்னிசா பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "பரக்கத் தம்பி, நீயாவது சொல்லு. உன் வீட்டுக்கு நாலாவது வீடு. காலைலகூடப் பாத்தியே."

பரக்கத் அலி ரிஜிஸ்தருக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கினார். "பாத்தேன்க்கா. சலாம்கூடச் சொன்னேன். ஆனா ஆபீஸ் விஷயம் வேறக்கா."

கமருன்னிசா போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பைல் குளிர்ந்தே இருந்தது.

பட்டியல் போவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸில் வேறு யாரும் வருமுன் அந்தப் பைலை நான் திறந்தேன். விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது. வாசித்தேன். மறுபடி கட்டினேன். அதை எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. பேசாமலே காரியம் நடக்க வழி உண்டு என்று நம்பினேன். அதுவும் ஒரு மூட நம்பிக்கைதான்.

நான் பௌதிகம் படித்தவள். கிழக்கு ஜன்னல் ஓரத்து மனுக்கள் எல்லாம் சாங்ஷன் ஆகின்றன, சுவரோரத்து மனுக்கள் எல்லாம் தள்ளுபடி ஆகின்றன என்பதைக் கவனித்திருந்தேன். கமருன்னிசாவின் பைலை ஜன்னலில் வெயில் படும்படி வைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த, ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே செருகினேன். ஒரு மணி நேரத்தில் நூற்றாறு டிகிரி. அதற்கு முன் சுவரோரத்துப் பைலில் வைத்தபோது பாதரசம் அசையவில்லை. இரண்டையும் தெர்மாமீட்டரையும் ஹெட் கிளார்க் மேஜையில் வைத்தேன். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

அவர் பைலைத் தலையில் வைக்காமல், தெர்மாமீட்டரை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடியது.

"நூத்தாறா! அடடா, ஜுரத்துலன்னா போயிருக்கா, பாவம்" என்றார். பைலின் மேல் அதையும் குறித்தார்.

"சரி சார்" என்றேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பட்டமளிப்பு விழா. ஆபீஸிலும் சந்திலும் கால் வைக்க இடமில்லை. எல்லார் தலையிலும் ஏதாவது ஒரு காகிதம். புரபஸர் நடுநாயகமாக உட்கார்ந்து கட்டைவிரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பதினேழு மூட்டை அரிசி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கமருன்னிசா வந்தார்.

"பெரியவரே, மூடின பைலுல இருக்கிறதைச் சொல்றீங்களாமே?"

"சொல்லுவோம்மா."

"அப்ப திறந்த பைலு இன்னும் லேசு இல்லீங்களா? என் பைலைத் திறந்து தரச் சொல்றேன். அதுல எழுதியிருக்கிறதை வாசிங்க. ஜனங்க கேக்கட்டும்."

"திறந்தா சக்தி போயிடும்மா."

"போகட்டும். ஒரு பைலோட சக்திதானே? ஆயிரம் பைலு வெச்சிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஹெட் கிளார்க்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெரியவாளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?" என்று சிவப்பு நாடாவைத் தாமே அவிழ்த்து அந்தக் காகிதத்தை நீட்டினார்.

புரபஸர் வாங்கினார். நெற்றியில் ஒற்றினார். "அரிசி சம்பந்தமா..."

"நெத்தியில வேணாங்க. கண்ணுக்கு நேரா வெச்சு வாசிங்க."

அவர் கண்ணுக்கு நேரே வைத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மௌனம்!" என்று ஹெட் கிளார்க் கை உயர்த்தினார். "பெரியவாளுக்கு மௌன நேரம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கமருன்னிசா என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியாது. நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது.

"அவருக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. "முதல் நாளே பெண்கள் அறைக்குள்ள வந்தார். பலகையைத் தாண்டி வந்தார், அதைப் பார்த்துண்டே போனார். கையெழுத்துக்குப் பதிலா அவர் என்ன வைக்கறார், பாருங்கோ."

எல்லாரும் தங்கள் நற்சாட்சிப் பத்திரத்தைத் தலையிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பதினோரு நாளில் அவர்கள் கண்ணால் பார்த்த முதல் காகிதம் அது.

புரபஸர் கண்ணைத் திறந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது போலும்.

"ஆமாங்க. தெரியும்னு நான் எப்பச் சொன்னேன்? யாரும் கேக்கவும் இல்லையே" என்றார். "நாப்பது வருஷமா எழுத்துத் தெரியாமலே பிழைக்கிறேன். அதுல நான் நிபுணன்தாங்க. அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க எல்லாம் பதினோரு நாள்ல நல்லாவே கத்துக்கிட்டீங்க."

பரக்கத் அலி வயிற்றிலிருந்து ரிஜிஸ்தரை மெல்ல இறக்கினார். வாசல் பக்கத்தில் சிலர் அரிசி மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

நான் காகிதத்தை எடுத்து ஹெட் கிளார்க் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும் சார். படிங்கோ."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பதினோரு நாளாக அது வேண்டியிருக்கவில்லை. மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

"மனுதாரர் கமருன்னிசா நேரில் விசாரிக்கப்பட்டார். அவர் உயிருடன் இருக்கிறார்."

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த கமருன்னிசா கேட்டார்:

"இதுக்குப் பைலைத் திறக்கணுமாங்க? கண்ணைத் திறந்தாப் போதாதா?"